அன்னூர் வட்டாரத்திற்கு ஏற்ற மாட்டினங்கள்

கோயமுத்தூருக்கு வடக்கே, சத்தியமங்கலம் போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அன்னூரும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் மழை குறைந்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவிலிருப்பதால் ஆடி ஆவணியில் மலைக்கு அப்பால் கொட்டும் மழை இங்கே சாரலாகவே வந்து சேருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஆழ்ந்த கிணறுகளையும் நம்பியே வெள்ளாமை நடைபெறுகின்றது. சோளமும் பருத்தியும் கடலையும் ஓராண்டு கைகொடுத்தால் மறு ஆண்டு கைவிடும். ஆயின் பால் விற்ற பணமோ வாரந்தோறும் வருவது. ஆகையால் இப்பகுதிக் குடியானவர் பலருக்குக் கட்டுத்தரையே குடும்பத்தின் ஆதாரமாக இருக்கின்றது என்றால் மிகையாகாது.

இங்ஙனம் முக்கியமான மாட்டை வாங்குங்கால் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனை லிட்டர் கறக்கும்?" இக்கேள்வி தவறன்று, ஆனால் இரண்டாவதாகக் கேட்கத்தக்கது. முதலாவதாகக் கேட்க வேண்டியது, தம்முடைய நிலம் எந்த மாட்டைத் தாங்கும் என்பதே. விற்றவர் வீட்டில் நாளொன்றுக்கு 15 லிட்டர் கறந்த பசு, வாங்கியவர் வீட்டிற்கு வந்து இரண்டு மாதத்தில் 7 லிட்டருக்கு இறங்கிவிடுவதைக் காணாத கிராமம் இல்லை. பசுவில் குற்றம் இராது. பசும்புல்லும் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்திற்கென்று உண்டாக்கப்பட்ட பிராணியைக் காய்ந்த தட்டுப்போரின் பக்கத்தில் கட்டியதனால் வந்த விளைவே அது.

உடலமைப்பும் உபயோகமும்

மாட்டினங்களை அவற்றின் பயனைக் கொண்டு பால் தருவன, வேலை செய்வன, மாமிசத்திற்கு வளர்க்கப்படுவன என மூவகையாகப் பிரிப்பது வழக்கம். பால் மாட்டைப் பக்கவாட்டில் நின்று நோக்கினால் முன்புறம் குறுகியும் பின்புறம் அகன்றும் ஆப்பு வடிவாகக் காணப்படும். தோல் மெல்லியதாகவும் மடி பெரிதாகவும், அடிவயிற்றில் பால் நரம்பு வளைந்து தடித்தும் இருக்கும். வேலை மாட்டின் உடல் இறுகியது. திமிலும் தோளும் ஓங்கி, கால் எலும்பு கெட்டியாய், குளம்பு சிறுத்துக் கறுத்திருக்கும். மாமிச மாடோ கால் குட்டையாய், முதுகு பலகைபோல் தட்டையாய், பெட்டி வடிவில் சதை திரண்டு நிற்கும்.

மூன்றாவது வகையைப்பற்றி இங்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் ஹியர்போர்டு, ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆங்கஸ் போன்ற இனங்கள் அதற்கென்றே பெருக்கப்பட்டவை. நம் நாட்டில் மாமிசத்திற்கென்று உருவாக்கப்பட்ட மாட்டினம் இல்லை. உழைத்து ஓய்ந்த மாடுகளும் வறண்டு நின்றுவிட்ட மாடுகளுமே பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளத்திற்குப் போகின்றன. 1958ஆம் ஆண்டுப் பிராணிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று உரிய அதிகாரி சான்று அளித்த மாட்டையன்றி மற்றொன்றை இம்மாநிலத்தில் அறுத்தல் கூடாது என்பதைக் கிராமாதிகாரிகள் நினைவிற் கொள்வது நலம். எனினும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஆந்திர தேசத்து ஓங்கோல் மாடு இங்கே ஏருக்கும் வண்டிக்கும் பேர்போனது. அதே மாடு கடல் கடந்து பிரேசில் நாட்டிற்குச் சென்று, நெல்லூரின் பெயரால் 'நெலோரே' என வழங்கி, அந்நாட்டு மாமிச வியாபாரத்திற்கே முதுகெலும்பாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக எந்தக் குணத்தைப் பொறுக்கி எடுக்கின்றோமோ அந்தக் குணமே இனத்தில் ஊன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

காங்கயம்

கொங்கு நாட்டுக்கு உரிய இனம் காங்கயம். தற்போது திருப்பூர் மாவட்டத்திலுள்ள காங்கயம், தாராபுரம் பகுதிகளும் ஈரோட்டைச் சார்ந்த பெருந்துறை முதலிய பகுதிகளும் இதன் தாயகம். இவ்வினத்தைச் சீராக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அவர்களுடைய மந்தைக்குப் பெரும் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மந்தையின் பொலிகாளைகள் ஜில்லா முழுவதும் தேடப்பட்டன.

காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். சுமார் ஆறு மாதத்திற்குமேல் நிறம் மாறிச் சாம்பல் பூக்கும். வளர்ந்த பொலிகாளைக்குத் திமில், கழுத்து, தொடைப் பகுதிகள் கறுத்து நிற்கும். பசு மயிலையாகவோ வெண்மை கலந்தோ இருக்கும். மயிலை, செவலை, பிள்ளை, காரி என்று குடியானவர்கள் நிறத்தைக் கொண்டு பெயரிடுவர். கண்ணைச் சுற்றிக் கரிய வளையம் இருப்பதும், காது சிறுத்து நிமிர்ந்திருப்பதும், கொம்பு தடித்துப் பின்னோக்கி வளைந்து செல்வதும் இனத்தின் அடையாளங்கள்.

இவ்வினம் பாலுக்கென்று உண்டானதன்று. ஓர் ஈற்றில் 500, 600 லிட்டர் பால் தருவதே பொதுவான அளவு. அதாவது நாளொன்றுக்கு இரண்டு, மூன்று லிட்டர். இதனினும் மிகுதியாகக் கறக்கும் பசுக்கள் உண்டெனினும் அவை சிலவே. முதல் கன்று ஈனவும் மூன்றரை, நான்கு ஆண்டு ஆகின்றது. ஆயின் காய்ந்த சோளத்தட்டையும் காட்டுப் புல்லையும் தின்று, கோடை வெயிலில் மூச்சிரைக்காமல் நின்று, உண்ணிக்கும் பல நோய்களுக்கும் எளிதில் இடங்கொடாமல், 15 ஆண்டுக்கு மேலும் வாழ்ந்து கன்று தரும் வலிமை இதற்கு உண்டு. எருதின் உழைப்பைச் சொல்லவே வேண்டாம். ஆழ்ந்த கிணறுகளிலிருந்து கவலை இறைத்துக் கொங்கு நாட்டுத் தோட்டங்களைப் பசுமையாக்கியவை இவ்வெருதுகளே.

அவ்வேலையே இவ்வினத்தைக் காப்பாற்றி வந்தது. 1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்வீழ்ச்சி மின்சாரம் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வரத் தொடங்கியது. அதன் பின்னர்க் கிணற்றுக்குக் கிணறு மின்சார இறைப்பான்கள் ஏறின. கவலை எருது வேலையிழந்தது. பிறகு டிராக்டர் வந்தது. ஏர் எருதும் வேலையிழந்தது. பாரவண்டி லாரிக்கு இடங்கொடுத்தது. மூன்று வேலையையும் இழந்த இனம் எண்ணிக்கையில் குறைந்து போனதில் வியப்பில்லை. 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் ஏறுதழுவுதலுக்காக எழுந்த கிளர்ச்சிக்குப் பின் இவ்வினத்தின்மேல் பற்று மிகுந்திருக்கின்றது; ரேக்ளாப் பந்தயக் காளைகளுக்கு நல்ல விலையும் கிடைக்கின்றது. ஆனால் பந்தயத்திற்கு வேண்டியவை சில காளைகளே. இனத்தைத் தாங்குபவை பசுக்கள். பசுவைத் தாங்குவது மேய்ச்சல்.

தாயகத்தில் இம்மேய்ச்சலுக்குக் கொரங்காடு என்று பெயர். கிளுவை வேலியிட்ட காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் தாமே முளைத்திருக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நின்று நிழலும் நெற்றும் தரும். காட்டைப் பல பங்காக அடைத்து, ஒரு பங்கு மேய்ந்து முடிந்ததும் மறு பங்கிற்கு மாடுகளை மாற்றுவர். அன்னூர்ப் பக்கத்தில் இவ்வளவு ஒழுங்கான கொரங்காடு அரிது. எனினும் கிணற்று நீர் வற்றி, வெள்ளாமை விட்டு, சீமைக்கருவேல் அடைந்து கிடக்கும் காடுகள் பல உள. அத்தகைய காட்டில் முட்களை நீக்கி, ஐப்பசி மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, முதல் ஆண்டு மாடு மேயவிடாமல் காத்தால், இரண்டாம் ஆண்டு முதல் மேய்ச்சலாகும். அங்குக் காங்கயம் பசுவை வைப்பது பொருந்தும். பாலில் மட்டும் கண் வைப்போர்க்கு இது ஆதாயம் தராது. தீவனச் செலவின்றிக் கன்று வளர்த்து, கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தையிலோ அந்தியூர் குருநாதசுவாமி திருவிழாச் சந்தையிலோ நல்ல கிடாரியாகவும் காளையாகவும் விற்போர்க்கே ஆதாயம்.

நாட்டுப் பசுவின் பாலுக்கு மிகுந்த விலை கிடைக்கும் என்ற பேச்சும் நடமாடுகின்றது. திமிலுள்ள நம் மாடுகளின் பாலில் ஏ2 எனப்படும் புரதவகை மேலோங்கியிருப்பது உண்மையே. அதனால் இன்ன நோய் தீரும் என்பது ஐயமற நிலைநாட்டப்படவில்லை. பட்டணத்தில் நேரே வாங்குவோரை முன்னரே அமர்த்திக் கொள்ளாமல், அவ்விலையை எண்ணி மாடு வாங்குவது விவேகமன்று.

கலப்பினப் பசு

கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் ஊற்றும் கறவைகளில் மிகப்பெரும்பாலானவை ஜெர்சி அல்லது ஹோல்ஸ்டீன் பிரீசியன் இரத்தம் கலந்தவை. ஜெர்சி என்பது இங்கிலாந்துக் கால்வாயிலுள்ள ஒரு சிறு தீவு. அங்கு 1789ஆம் ஆண்டிலேயே வெளி மாடுகளைக் கொண்டுவருதல் சட்டத்தால் தடுக்கப்பட்டு இனம் தூய்மையாகக் காக்கப்பட்டது. உடல் சிறியது, தீனி குறைவு, பாலில் கொழுப்பு மிகுதி. பிரீசியன் ஹாலந்து தேசத்துக் கறுப்பு வெள்ளை மாடு. உடல் பெரியது, பால் அதிகம், கொழுப்புக் குறைவு, வெப்பத்தைச் சகிக்கும் ஆற்றல் ஜெர்சியினும் குறைவு. ஆகையால் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பும், குளிர்ந்த மலைப்பகுதிகளுக்குப் பிரீசியன் கலப்பும் தக்கவை எனக் கொள்ளப்படுகின்றன. பாலில் உள்ள கொழுப்பையும் கொழுப்பல்லாத சத்தையும் அளந்து விலை கொடுக்கும் சங்கங்களில் ஜெர்சிக் கலப்பிற்கு இதனாலும் ஒரு நன்மை உண்டு. நன்கு பேணப்பட்ட ஜெர்சிக் கலப்பினப் பசு நாளொன்றுக்கு 8 முதல் 12 லிட்டர் வரை தரும்.

இங்கு இரத்த அளவைப்பற்றி விளங்கச் சொல்ல வேண்டும். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சிக் காளையின் விந்தைச் செலுத்தினால் பிறக்கும் கிடாரி பாதி ஜெர்சி. அது பருவமடைந்ததும் மீண்டும் தூய ஜெர்சி விந்தையே செலுத்தினால் அடுத்த கிடாரி முக்கால் ஜெர்சி, அதாவது 75 சதவீதம், அதற்கடுத்தது 87.5 சதவீதம். ஒவ்வொரு படியிலும் பால் ஏறும் என்று பலர் எண்ணுகின்றனர். பால் அவ்வாறு ஏறுவதில்லை. வெயில் தாங்காமையும் உண்ணிக் காய்ச்சலும் சினை பிடியாமையுமே ஏறுகின்றன. இச்சீதோஷ்ணத்திற்குப் பாதி இரத்தமே சிறந்தது, மிஞ்சினால் 62.5 சதவீதம். ஆகவே பாதி இரத்தப் பசுவுக்குப் பாதி இரத்தக் கலப்பினக் காளையின் உறைவிந்தையே கேட்டுப் பெறுதல் வேண்டும். சினை ஊசி போட வருபவரிடம் "எந்தக் காளை?" என்று கேட்டு, அதைக் குறித்து வைக்கும் வழக்கம் குடியானவர்களுக்கு இல்லை. விதை வாங்கும்போது ரகத்தைக் கேட்காமல் எவரும் வாங்குவதில்லை. மாட்டு விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

இதனினும் பெரிய தவறு ஒன்று உண்டு. இனக் குணங்கள் குறையாத காங்கயம் பசுவுக்கும் பக்கத்தில் காங்கயம் காளை இல்லை என்ற காரணத்தால் ஜெர்சி ஊசி போட்டுவிடுகின்றனர். முதற் கன்று நன்றாகவே கறக்கும். ஆனால் அப்பசுவின் வழி அத்துடன் முடிந்தது. இரண்டு தலைமுறை கழிந்தபின் வேண்டுமென்று தேடினாலும் அதைத் திரும்பப் பெற இயலாது. இனந்தெரியாத நாட்டுப் பசுக்கள் ஊரில் ஏராளம். ஜெர்சிக் கலப்புக்கு அவையே போதும். காங்கயம் பசுவுக்குக் காங்கயம் உறைவிந்தைக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துப் பெறலாம். ஊர்ப் பொதுவில் ஒரு நல்ல பொலிகாளையை வைத்துப் பேணுவதும், தெருவில் திரியும் தரங்கெட்ட காளைகளுக்குக் காயடிப்பதும் கிராமத் தலைவர்கள் முன்னின்று செய்யத்தக்கன.

தூய நாட்டினத்திலேயே பால் மிகுந்த பசு வேண்டுவோர் சிந்தி, சாகிவால், கிர் ஆகியவற்றை நாடுகின்றனர். இவை மூன்றும் வடமேற்கு நாடுகளைச் சேர்ந்தவை, வெப்பம் தாங்குவன. சிந்தி இனம் ஓசூர்ப் பண்ணையில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டது. இவற்றின் பெயரால் கலப்பு மாடுகளே பெரும்பாலும் விற்கப்படுவதால், பெற்றோர் விவரமின்றி வாங்குதல் தகாது. முர்ரா எருமையின் பாலில் கொழுப்பு 7 சதவீதம் வரை உண்டு. ஆயினும் அதற்குக் கோடையில் உடல் நனைய நீர் வேண்டும்; அன்னூரில் அதுவே அரிது.

தீனிக் கணக்கு

நாளொன்றுக்கு 10 லிட்டர் தரும் கலப்பினப் பசுவுக்குப் பசுந்தீவனம் 25 கிலோவும், சோளத்தட்டு முதலிய உலர்தீவனம் 5 கிலோவும் வேண்டும். அடர்தீவனம் உடலைக் காக்க ஒன்றரைக் கிலோ. அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. ஆக ஐந்தரைக் கிலோ. தண்ணீர் 60 லிட்டருக்குக் குறையக்கூடாது. கோடையில் இன்னும் மிகும். இத்தகைய பசுக்கள் இரண்டு வைத்தால் பசுந்தீவனம் மட்டும் ஆண்டுக்கு 18 டன் ஆகும். இதைத் தம் நிலத்தில் விளைவிக்க இயலாதவர் விலைக்கு வாங்கிப் பால் உற்பத்தி செய்தால், பால் பணம் தீவன மண்டிக்கே போய்ச் சேரும். பாலுக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீனிச் செலவே.

எனவே மாடு வாங்குமுன் தீவனம் விதைக்க வேண்டும். நிலையான கிணற்றுப் பாசனம் உள்ளவர் கம்பு–நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்டால் 75, 80 நாளில் முதல் அறுப்பும், பின்னர் 45 நாளுக்கு ஓர் அறுப்பும் எடுக்கலாம். நீர் குறைந்தவர்க்கு, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கோ. எப். எஸ். 29 என்னும் பல அறுப்புத் தீவனச் சோளம் உகந்தது. விதைத்த 65ஆம் நாளிலும் அதன்பின் 50 நாளுக்கொரு முறையும் அறுக்கலாம். வரப்பில் வேலிமசாலும் அகத்தியும் வைத்தால் புண்ணாக்குச் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். சோளத்தில் ஓர் எச்சரிக்கை: மழையின்றி வாடிய இளம் பயிரிலும், அறுத்த தாளிலிருந்து தளிர்க்கும் குருத்திலும் ஒருவகை நச்சு மிகுந்திருக்கும். அவிழ்ந்த மாடு அதில் வாய் வைத்துச் சில நிமிஷங்களில் வீழ்ந்து மாள்வதுண்டு. பூத்தபின் அறுத்த தட்டிலும் நன்கு உலர்ந்த தட்டிலும் அவ்வளவு அபாயம் இல்லை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தால் பவானி ஆற்றின் உபரிநீர் இவ்வட்டாரக் குளங்களுக்குக் குழாய் வழியே வருகின்றது. குளத்தையடுத்த கிணறுகளில் நீர் ஊறுமாயின் தீவனத்திற்கு அது பெரும் துணை. எனினும் உபரி நீர் ஆற்றில் மிகுந்த காலத்திலேயே கிடைப்பது. ஆகையால் தம் கிணறு இரண்டு கோடையைத் தாண்டியதைக் கண்ணாரக் கண்டபின் கறவைகளின் எண்ணிக்கையை உயர்த்துவதே தக்கது.

சந்தையில் கவனிக்க வேண்டியவை

மாடு வாங்குவோர் முதலில் சுழி பார்க்கின்றனர். பிறகு துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகின்றனர். மடியைத் தொட்டுப் பார்ப்பவர் சிலரே. சுழியால் பால் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. மடி நான்கு பங்கும் ஒத்திருக்க வேண்டும். கறந்தபின் அது துணிப்பைபோல் சுருங்க வேண்டும்; சுருங்காமல் கெட்டியாக நிற்பது சதை மடி. ஒவ்வொரு காம்பிலும் முதல் பீரைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார்த்தால் மடிநோயின் திரிகள் தெரியும். சந்தைக்கு முன் இரண்டொரு வேளை கறக்காமல் மடியை உப்ப வைத்து ஓட்டிவருவது தரகர்களின் வழக்கம். ஆதலால் தொடர்ந்து மூன்று வேளை தாமே கறந்து பார்த்து, முதல் வேளையைத் தள்ளி மற்ற இரண்டைக் கொண்டு பாலளவை நிச்சயிக்க வேண்டும்.

பல்லைக் கொண்டு வயதை அறியலாம். இரண்டு பல் போட்டது சுமார் இரண்டு, இரண்டரை வயது. எட்டுப் பல்லும் சேர்ந்தது ஐந்து வயதளவில். இரண்டாம் ஈற்றுப் பசுவே வாங்குவதற்குச் சிறந்தது. காதிலுள்ள 12 இலக்கத் தகட்டைக் குறித்துக்கொண்டு சென்றால், அதற்குப் போட்ட சினை ஊசியும் தடுப்பூசியும் பதிவாகியிருக்கின்றனவா என்பதைக் கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம். வாங்கிய மாட்டை மூன்று வாரமாவது மற்ற மாடுகளினின்று பிரித்துக் கட்ட வேண்டும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை; கன்றுவீச்சு நோய்க்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. கலப்பினப் பசு காய்ச்சலுற்றுக் காப்பி நிறத்தில் நீர் விட்டால் அது உண்ணியால் வந்தது. அன்றே மருத்துவரை அழைக்காவிடில் மறுநாள் மாடு இராது.

சினைப் பருவத்தைத் தவறவிடுவதால் ஏற்படும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே மிகப் பெரியது. பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்திற்கு வருகின்றது. ஒரு முறை தவறினால் மூன்று வாரத் தீனி வீண். காலையில் கத்தும் பசுவுக்கு அன்று மாலையிலும், மாலையில் கத்துவதற்கு மறுநாட் காலையிலும் ஊசி போடுவது பொருத்தம். காங்கயம் பசு பல சமயம் கத்தாமலே பருவங் கொள்ளும். கண்ணாடி போன்ற வழும்பு தொங்குவதைக் காலையிலும் மாலையிலும் பார்த்தே அறிய வேண்டும். ஈன்ற கன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுவதும், கறவையை அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே வற்றவிடுவதும் எந்த இனத்திற்கும் பொதுவான விதிகள்.